தீவுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லி அனுப்புவது

டொமினிக்கன் குடியரசுக்கு நான் போனதில்லை. இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது, "றோசக்கா, நாங்கள் டொம்ரெப்புக்குப் போறம், என்ன கொண்டு போக?" என்று கேட்கிறவர்கள், நான் அங்கே பாதி வாழ்க்கையைக் கழித்தவள் என்று நினைத்துக் கேட்கிறார்கள். ஜேர்மன்காரர் அந்த நாட்டை அப்படிச் சுருக்கித்தான் கூப்பிடுவார்கள். எங்களுக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. கரிபியன் பக்கத்துத் தீவு. விமானத்தில் ஒரு சாப்பாடு, ஒரு நித்திரை, இன்னொரு சாப்பாடு முடிய வரும் என்று போனவர்கள் சொல்வார்கள்.

நான் போய்வந்த இடம் ஜேர்மனியில் எசன் நகரத்தில் ரயில் நிலையத்துக்குக் கிட்ட உள்ள ஒரு தமிழ்ப் பயண முகவர் கடை. இருபது வருடத்துக்கு மேல் அங்கே வேலை செய்துவிட்டு இப்போது ஓய்விலே இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கடையில் காதால் கேட்டவை. எங்கள் கோயில் பங்கு மலருக்கு இதை எழுதித் தரும்படி கேட்டபோது, நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எனக்கு ஏலாது என்றேன். "கதைக்கிற மாதிரி எழுதுங்கோ, மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்" என்றார்கள். கதைப்பதும் எனக்குக் கூச்சம்தான். எழுதும்போது ஒருவரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் ஒத்துக்கொண்டேன்.

கடையை நடத்தியவர் அருளப்பு அண்ணை. முதலில் நான் காலையில் போய் நிலம் துடைத்துவிட்டு வருகிறவள். பிறகு தேநீர் போடச் சொன்னார். பிறகு, "போற வாற நேரத்திலை இதிலை ஒரு கதிரையைப் போட்டு இரு, ஆக்களின்ரை பாஸ்போர்ட் காலாவதியோ எண்டு பார்" என்றார். அந்தக் கதிரையிலேயே நான் இருந்துவிட்டேன். படித்த படிப்பு என்றால் அவ்வளவுதான்.

அருளப்பு அண்ணை சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எவ்வளவு கோபமோ அவ்வளவு நேரம் துடைப்பார். விமான ரிக்கற்றை உறையில் போட்டு இரண்டு கையாலும் கொடுத்து, "சந்தோசமாப் போட்டு வாங்கோ" என்பார். அதோடு விடமாட்டார். போனவர்கள் திரும்பி வந்து ஒருநாள் கடைப் பக்கம் வந்தால், இருத்தித் தேநீர் கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். "றோசா, போட்டு வந்தவையை வெறும் வாயோடை அனுப்பாதை. அவை பட்ட கஷ்டம் அடுத்த ஆளுக்கு உதவும்" என்பார். நான் தேநீரை வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பேன். கேள்வி கேட்பது அவர், காதில் போட்டுக்கொள்வது நான். அப்படிச் சேர்ந்தவைதான் இனிச் சொல்பவை.

ஜேர்மன் பாஸ்போர்ட் உள்ளவர்கள் கரைச்சல் இல்லாமல் போகலாம். அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் பயணப் புத்தகமும் ஜேர்மன் பாஸ்போர்ட்டும் ஒன்று என்று நினைத்து ரிக்கற் எடுக்காதீர்கள். இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர்களும் அப்படித்தான். முதலில் அந்த நாட்டுத் தூதரகத்தில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். மச்சான் போனவர், அவரை விட்டவர்கள் என்பது பதில் இல்லை. மலிவாக இருக்கிறதென்று அமெரிக்கா வழியாக எடுக்கிறவர்கள், அங்கே விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் அமெரிக்க அனுமதி வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். இப்போது தீவுக்குள் போவதற்கும் வெளியே வருவதற்கும் இணையத்தில் ஒரு படிவம் நிரப்பவேண்டும். அதற்குக் காசு இல்லை. காசு கேட்கிற பக்கம் வந்தால் அது அரசாங்கத்தின் பக்கம் இல்லை, மூடிவிடுங்கள்.

உங்கள் மருத்துவக் காப்புறுதி அங்கே செல்லாது. பயணத்துக்கென்று தனியாக ஒன்று எடுக்கவேண்டும். மருந்துகளைப் பெரிய பெட்டியில் போடாமல் கையோடு வைத்திருங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது, பல் தீட்டவும் போத்தல் தண்ணீர்தான். பின்னேரங்களில் நுளம்பு கடிக்காமல் இருக்கக் கை கால் மூடிய உடுப்பு. ஆவணி புரட்டாதியில் மலிவு என்றால் அது புயல் காலத்து மலிவு. அறை துப்புரவாக்குகிற பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சில்லறை டொலர்த் தாள் கொண்டுபோங்கள். நானும் துப்புரவு செய்தவள், மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் கையில் கொடுங்கள்.

இனி எங்கள் ஆட்கள் மட்டும் செய்கிற பிழைகள்.

சோறு சமைக்கும் மின்சட்டியைக் கொண்டுபோக வேண்டாம். அங்கே மின்சாரம் எங்களுடையதில் பாதி அழுத்தம், செருகியும் தட்டையான இரண்டு கால் உள்ளது. தேவராசா என்று ஒருவர் குடும்பமாகப் போய் வந்து கடையில் இருந்து சொன்னார்:

"தங்கச்சி, காலமை அரிசியைப் போட்டுப்போட்டுக் கடலுக்குப் போட்டம். பின்னேரம் வந்து திறந்து பாத்தால், நாங்கள் குளிச்சதை விட அரிசி நல்லாக் குளிச்சிருக்குது. ஆனா வேகேல்லை."

"ஹோட்டலிலை மூண்டு நேரமும் சாப்பாடு இருந்ததுதானே அண்ணை?" என்றார் அருளப்பு அண்ணை.

"அது சாப்பாடு. நான் சொல்லுறது சோறு."

கருவாடும் கொண்டுபோக வேண்டாம். மீன், இறைச்சி, பழம், விதை ஒன்றுமே வேண்டாம். ஒருவருடைய பெட்டியில் விமான நிலையத்து நாய் வந்து இருந்துகொண்டது. "என்னைப் பாத்து வாலாட்டினது அண்ணை, நல்ல நாயாக்கும் எண்டு தடவப் போனன்" என்றார். நாய் அவரைப் பார்த்து ஆட்டவில்லை, பாரைக் கருவாட்டைப் பார்த்து ஆட்டியது.

கடற்கரையில் சிவப்புக் கொடி கட்டியிருந்தால் இறங்காதீர்கள். நான் யாழ்ப்பாணத்துத் தீவான், எனக்குக் கடல் தெரியும் என்று சொல்லி இறங்கிய ஒருவரை இரண்டு பேர் இழுத்துக்கொண்டு வந்து மணலில் போட்டார்களாம். அந்தக் கடலுக்கு நீங்கள் யார் என்று தெரியாது. எங்கள் தோலும் வெயிலில் எரியும், அதுவும் பலருக்குத் தெரியாது. கிரீம் வாங்குங்கள்.

தாலிக்கொடி பற்றியும் எழுதவேண்டும். ஒரு புதுப் பெண்ணுக்கு நான் சொன்னபோது அவள் பதறிவிட்டாள்.

"தாலியைக் கழட்டச் சொல்லுறியளோ றோசக்கா?"

"கழட்டச் சொல்லேல்லைப் பிள்ளை. கொடியை வங்கியிலை வைச்சிட்டு, தாலியை ஒரு மெல்லிய சங்கிலியிலை போட்டுக்கொண்டு போ எண்டுறன்."

"மாமி கண்டால்?"

"மாமியும் வாறாவோ?"

"ஐயோ, இல்லை."

"பிறகென்ன?"

இவ்வளவையும் சொல்லியும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதற்காகத்தான் எழுத ஒத்துக்கொண்டேன்.

எங்கள் ஆட்கள் பயணம் போவதை முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். கண்ணூறு படும், பயணம் தடைப்படும் என்பார்கள். வீடு பூட்டியிருப்பது தெரிந்தால் நகைக்குக் கள்ளன் வருவான் என்பார்கள். பெட்டி கட்டி, விமான நிலையத்துக்கு ரயில் ஏறும்வரை பக்கத்து வீட்டுக்கும் தெரியாது. கடைக்கு வரும்போதே வெளியே நின்று எட்டிப் பார்த்து, உள்ளே தெரிந்தவர்கள் இல்லை என்றால்தான் வருவார்கள். ஒருமுறை ஒரு தம்பதியை எங்கள் சமையலறைக்குள் ஒளித்துவைக்க வேண்டி வந்தது. அவர்களின் மைத்துனி முன்னால் இருந்து ரிக்கற் எடுத்துக்கொண்டிருந்தாள். அதே விமானத்துக்குத்தான். நாங்கள் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றும் சொல்லவில்லை. விமானத்தில் முன்சீற்றும் பின்சீற்றுமாக இருந்து கண்டுகொண்டார்களாம்.

கடையிலிருந்து ஒரு சொல் வெளியே போகக் கூடாது. இது அருளப்பு அண்ணையின் முதல் சட்டம். ஜேர்மனியில் அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது, ஆனால் அவர் அதற்கு முன்பே அப்படித்தான். "இன்னார் எங்கை போகினம் அண்ணை?" என்று யாராவது நைசாகக் கேட்டால், "தேத்தண்ணியோ கோப்பியோ?" என்று கேட்பார். இரண்டாம் தரம் கேட்டால், "சீனி போடவோ?" என்பார். மூன்றாம் தரம் ஒருவரும் கேட்டதில்லை.

ஜெயராணியும் அவள் புருஷன் யூட்டும் வந்தது ஒரு தை மாதத்தில். எசனில் இருக்கிறவர்கள், எங்கள் பங்குதான். அவளுக்கு ஒரு அக்கா, புஷ்பம். புஷ்பம் பக்கத்து நகரமான வுப்பர்டாலில் தாயைத் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தகப்பன் செத்து ஒரு வருடம் ஆகவில்லை.

யூட்டும் ஜெயராணியும் கலியாணம் முடித்து இருபத்தைந்தாவது வருடம். "இத்தினை வருசத்திலை நாங்கள் போன இடமெல்லாம் கலியாண வீடும் செத்த வீடும்தான் அண்ணை" என்றார் யூட். "ஒருக்கால் சும்மா போய்க் கடலுக்கை நிக்கவேணும்."

"நல்ல விசயம்தானே," என்றார் அண்ணை.

"ஆனா அண்ணை, ஒருத்தருக்கும் தெரியக் கூடாது," என்றாள் ஜெயராணி. "அப்பா செத்து வருசம் திரும்பேல்லை. கடலுக்குக் குளிக்கப் போறன் எண்டு தெரிஞ்சால் அக்கா என்னைப் பிய்ச்சுப்போடுவா. பிரான்சிலை லூர்து மாதா கோயிலுக்குப் போறம் எண்டு சொல்லியிருக்கிறம். மாதாவின்ரை திருநாளும் வருதுதானே."

"அம்மாவுக்கு?"

"அம்மாவுக்கும் லூர்துதான்."

"போன் எடுத்தால்?"

"போன் தொடாமல் செபம் செய்யிறதெண்டு நேர்த்தி எண்டு சொல்லிப்போட்டம். எங்கடை மகனுக்கும் அதைத்தான் சொன்னனாங்கள்," என்றார் யூட்.

அருளப்பு அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். "மாதாவையும் உங்கடை பொய்க்குச் சாட்சிக்கு இழுத்துப்போட்டியள்" என்றார். கொஞ்ச நேரம் துடைத்தார். "யாராவது ஒராளுக்கு உண்மை தெரிஞ்சிருக்க வேணும் பிள்ளை."

"உங்களுக்குத் தெரியும்தானே அண்ணை. றோசக்காவுக்கும் தெரியும்," என்றாள் அவள்.

அவர் ரிக்கற்றை இரண்டு கையாலும் கொடுத்தார். "சந்தோசமாப் போட்டு வாங்கோ" என்றார்.

அவர்கள் போய்ச் சில நாள் கழித்துப் புஷ்பம் கடைக்குள் வந்தாள். மாசிக் குளிரில் மேலங்கியின் பொத்தான்கூடப் போடாமல் வந்தாள்.

"அண்ணை, ஜெயராணி எங்கை?"

"இருங்கோ புஷ்பம். தேத்தண்ணியோ கோப்பியோ?"

"உங்கடை தேத்தண்ணியைக் கொண்டுபோய் ஊத்துங்கோ!"

நான் தட்டத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் கடையில் ஒருவரும் அவரோடு அப்படிக் கதைத்ததில்லை. அவர் எழும்பித் தன் கதிரையை அவளுக்குப் போட்டார். அவள் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னாள். அம்மாவுக்கு இதயம் களைத்துவிட்டது, ஆஸ்பத்திரியில். பிள்ளைகளைக் கூப்பிடுங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அம்மா கண் திறக்கும்போதெல்லாம் "சின்னவள் வந்திட்டாளோ" என்று ஒன்றைத்தான் கேட்கிறார். பரிஸ் நகரத்திலிருந்து லூர்துக்குப் போயிருந்த ஒரு தமிழ்க் குடும்பத்துக்குப் போனில் படம் அனுப்பித் தேடச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் தேடிக் களைத்துவிட்டார்கள்.

"அங்கை அவையைக் காணேல்லையாம் அண்ணை. எந்த றோட்டிலை அடிபட்டுக் கிடக்கினமோ தெரியாது. பொலிசுக்குப் போகவோ? ரிக்கற் உங்களிட்டைத்தானே எடுத்தவை?"

எனக்கு வாய்க்குள் வந்துவிட்டது. கடற்கரையில் சுகமாக இருக்கிறாள் என்று ஒரு சொல் சொன்னால் அவள் தவிப்பு நின்றுவிடும். ஆனால் சொன்னால் அந்த இரண்டு சகோதரிகளும் இந்தப் பிறவியில் கதைப்பார்களோ தெரியாது. அருளப்பு அண்ணை என் முகத்தைப் பார்த்தார். தலையை மெல்ல, ஒருவருக்கும் தெரியாமல், இல்லை என்று ஆட்டினார்.

"புஷ்பம், செய்தி அவைக்குப் போய்ச் சேரும். அது என்ரை பொறுப்பு," என்றார்.

"அப்ப எங்கை எண்டு உங்களுக்குத் தெரியும்."

அவர் கதிரையை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினார்.

"உயிரோடை இருக்கினமோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

"ஓம்."

அப்போதுதான் அவள் கதிரையில் இருந்தாள். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பி, "சரி. நல்லது. வரட்டும்" என்றாள். அந்த "வரட்டும்" எனக்குப் பயமாக இருந்தது.

அவள் போனதும் அண்ணை கணினிக்கு முன்னால் இருந்தார். "றோசா, நீ ரெலிபோன் எடு. நான் சீற் பாக்கிறன்."

"எனக்கு ஏலாது அண்ணை."

"ஏலும். இரண்டையும் நான் ஒருமிக்கச் செய்ய ஏலாது. நேரமில்லை."

சுற்றுலா நிறுவனங்களுக்குத் தீவிலேயே ஒரு ஜேர்மன் வழிகாட்டி இருப்பார். அவசரத்துக்கு அவருடைய இலக்கம் பயணத் தாள்களில் இருக்கும். அதைக் கண்டுபிடிப்பது எனக்குச் சுலபம். எடுத்துக் கதைப்பதுதான் பெரிய மலை. அதுவரைக்கும் நான் தனியாக ஒரு ஜேர்மன் ஆளுக்குப் போன் எடுத்ததில்லை. டொக்டரிடம் நேரம் குறிக்க, டெர்மின் எடுப்பதென்றால்கூட என் மகள்தான் கதைப்பாள். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு இலக்கத்தை அமத்தினேன். இங்கே மத்தியானம், அங்கே காலைச் சாப்பாட்டு நேரம். ஒரு பெண் எடுத்தாள். தாய், ஆஸ்பத்திரி, மகள், உடனே என்று எனக்குத் தெரிந்த ஜேர்மன் சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தேன். அவள் சிரிக்கவில்லை. ஹோட்டல் பெயரையும் ஆளின் பெயரையும் இரண்டு தரம் திருப்பிக் கேட்டு, சரி, இப்பவே போகிறேன் என்றாள்.

கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"றோசக்கா, அக்காவுக்குச் சொல்லிப்போட்டியளோ?" ஜெயராணியின் முதல் கேள்வி அதுதான்.

"இல்லைப் பிள்ளை. சொல்லேல்லை. அம்மாவுக்கு ஏலாது. இதயம். உன்னைத்தான் கேக்கிறாவாம்."

அந்தப் பக்கம் ஹோட்டலில் ஆட்டப் பாட்டு ஒன்று உரத்துப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பாட்டு நிற்காமலே அவள் அழத் தொடங்கினாள்.

"ஒரு சீற்தான் இருக்கு," என்றார் அண்ணை பக்கத்திலிருந்து. "இண்டைக்கே. பரிஸ் மாறி டுசில்டோர்ப். யூட் பிறகு வரட்டும்."

"நான் தனியப் போனதில்லை அக்கா," என்றாள் அவள்.

"கைப்பையோடை மட்டும் வா. பெட்டி யூட்டோடை வரட்டும். பாஸ்போர்ட்டும் மருந்தும் உன்ரை கையிலை. கம்பளி உடுப்பு இருந்தால் மேலை போட்டுக்கொண்டு வா, இஞ்சை குளிர். பரிசிலை வெளியாலை வந்திடாதை, விமானம் மாறுற அம்புக்குறியைப் பாத்து உள்ளுக்காலையே நட. விளங்கேல்லை எண்டால் சீருடை போட்ட ஆளிட்டைச் சீட்டைக் காட்டு. கதைக்கத் தேவையில்லை, காட்டினால் காணும்."

எனக்கு நானே சொல்வதுபோல்தான் இதைச் சொன்னேன். கதைக்கக் கூச்சப்படுகிறவர்கள் உலகத்தைச் சுற்றுவதென்றால் இப்படித்தான் சுற்றவேண்டும்.

மறுநாள் மத்தியானம் கடைக் கதவைத் திறந்துகொண்டு ஜெயராணி வந்தாள். எனக்கு விளங்கவில்லை. டுசில்டோர்ப் விமான நிலையத்திலிருந்து வுப்பர்டால் ஒரு பக்கம், எசன் மற்றப் பக்கம்.

"ஏன் பிள்ளை இஞ்சை வந்தனீ? ஆஸ்பத்திரிக்கல்லோ போயிருக்க வேணும்?"

அவள் தலையைச் சுற்றியிருந்த சால்வையை அவிழ்த்தாள். தலை முழுவதும் எலிவால்போல் மெல்லிய பின்னல்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் மஞ்சள், பச்சை, சிவப்பு மணி. அவள் தலையை அசைக்கக் கிலுகிலுவென்றது.

"கடற்கரையிலை ஒரு பொம்பிளை பின்னி விட்டவ. யூட்தான் ஆசைப்பட்டவர். இதோடை எப்பிடி அக்கா அம்மாவுக்கு முன்னாலை போறது? புஷ்பமக்கா என்னை என்ன நினைப்பா? கெதியா அவிட்டு விடுங்கோ."

சமையலறைக்குள் ஒரு முக்காலியில் அவளை இருத்தினேன். ஒவ்வொரு மணிக்கும் கீழே கண்ணுக்குத் தெரியாத றப்பர் வளையம். உப்பும் மணலும் பிடித்து மயிர் இறுகியிருந்தது. ஊசியால் நெம்பி, சீப்பின் வாலால் பிரித்தேன். மணிகளைத் தேநீர்ச் சாசரில் போட்டேன். அவள் முகம் வெயிலில் கறுத்து, மூக்கில் தோல் உரிந்திருந்தது. அதை எந்தச் சீப்பாலும் எடுக்க முடியாது என்று இருவருக்கும் தெரியும். இருந்தும் அவிழ்த்தேன். ஒரு பக்கம் பாதி முடிந்திருக்கும்.

முன்னால் போன் அடித்தது. அருளப்பு அண்ணையின் குரல் கேட்டது. "ஓம் புஷ்பம்... ஓம்... விளங்குது." பிறகு அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அம்மா இப்ப கண் முழிச்சிருக்கிறாவாம். இனி எப்ப முழிப்பா எண்டு சொல்லேலாதாம்."

கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், துடைக்கவில்லை.

நான் சீப்பை வைத்தேன். "காணும். எழும்பு."

"பாதிதான் அக்கா..."

"அம்மா உன்ரை தலையையோ கேட்டவ? உன்னையல்லோ கேட்டவ. எழும்பு பிள்ளை."

நான் வாழ்க்கையில் யாரையும் அப்படி அதட்டியதில்லை. அவள் எழும்பிவிட்டாள். அண்ணை கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு, "றோசா, கடையைப் பூட்டிப்போட்டு நீயும் வா" என்றார். பகலில் அந்தக் கடை பூட்டி நான் கண்டதில்லை.

ஆஸ்பத்திரி நடையில் புஷ்பம் நின்றாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள். மாசி மாதத்தில் கறுத்து உரிந்த முகம். சால்வைக்கு வெளியே ஒரு பச்சை மணி தொங்கியது. புஷ்பத்தின் தாடை இறுகியது. அறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "போ" என்றாள்.

நான் கதவோரம் நின்றுவிட்டேன். அம்மா தலையணையில் சாய்ந்து, மூக்கில் குழாயோடு இருந்தார். ஜெயராணி குனிந்து கொஞ்சும்போது சால்வை வழுகியது. மணிகள் கட்டில் கம்பியில் பட்டுக் கிலுங்கின. அம்மா கையை உயர்த்தி ஒரு பின்னலைப் பிடித்தார். நுனியில் இருந்த மணியை விரலால் உருட்டினார்.

"லூர்திலை இப்ப இப்பிடியும் பின்னி விடுகினமோ?" என்றார்.

ஜெயராணி விம்மினாள். "லூர்துக்குப் போகேல்லை அம்மா."

"தெரியுது. மாதா கோயிலிலை ஆர் இப்பிடிக் கறுக்கிறது?"

"கடலுக்குப் போனனாங்கள். பொய் சொல்லிப்போட்டன்."

அம்மா மூச்செடுத்துக்கொண்டார். "தண்ணி சூடோ?"

"சூடம்மா. குளிக்கிற வெந்நீர் மாதிரி."

"எவ்வளவு தூரம் இறங்கினனீ?"

"கழுத்து மட்டும்."

"யூட்?"

"முழங்கால் மட்டும். பயந்திட்டார்."

அம்மா சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. பின்னலை மட்டும் விடவில்லை. மணலின் நிறம் என்ன, மீன் கடித்ததா, பின்னிவிட்ட பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள் என்று மெல்ல மெல்லக் கேட்டார். ஜெயராணி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். திரும்பி வந்தவர்களை அருளப்பு அண்ணை கேட்பதைவிட அந்த அம்மா நன்றாகக் கேட்டார்.

யூட் வந்து சேர்ந்த பிறகு, அந்தக் கிழமைக்குள்ளேயே அம்மா கண் மூடினார். இரண்டு மகள்மாரும் பக்கத்தில் இருந்தார்கள்.

ஆகவே தீவுக்குப் போகிறவர்கள் கண்ணூறுக்குப் பயந்து ஊருக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் மேல் கோபிக்கக்கூடிய ஒராளுக்கு, உங்களைத் தேடி அழக்கூடிய ஒராளுக்கு, ஹோட்டலின் பெயரோடு உண்மையைச் சொல்லிவிட்டுப் போங்கள். கடைக்காரருக்குத் தெரிந்தால் போதாது. ஜெயராணியும் புஷ்பமும் இதை எழுதச் சொல்லிச் சம்மதம் தந்தார்கள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஜெயராணி வந்திறங்கிய அன்று பின்னேரம் நானும் அண்ணையும் ஆஸ்பத்திரியிலிருந்து புறப்படும்போது புஷ்பம் நடையிலிருந்து ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். தங்கைக்குப் பின்னால் போட்டு இருந்தாள். நான் விட்ட இடத்திலிருந்து பின்னல்களை அவிழ்க்கத் தொடங்கினாள். ஊசி இல்லை, சீப்பு இல்லை, நகத்தால்தான். ஒவ்வொரு பின்னலையும் தேவைக்கு மேலே கொஞ்சம் இழுத்துத்தான் அவிழ்த்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் ஜெயராணியின் தலை பின்னால் போய் வந்தது. நோகுது என்று அவள் ஒருதரமும் சொல்லவில்லை.